அடுப்படியிலிருந்து வாசலுக்கு

பழைய குடும்ப வீட்டைப் புதுப்பித்துத் தரச் சொல்லி அழைப்பவர்கள் பெரும்பாலும் திண்ணையில் நின்றுதான் பேச ஆரம்பிக்கிறார்கள். தூணைத் தட்டிக் காட்டி, பர்மாத் தேக்கு என்பார்கள். தலைவாசல் நிலையில் செதுக்கிய கஜலட்சுமியைக் காட்டுவார்கள், கதவின் பித்தளைக் குமிழ்களை எண்ணச் சொல்வார்கள். பிறகு கைபேசியில் சேர்த்து வைத்திருக்கும் படங்கள் வரும்: செட்டிநாட்டு விடுதி ஒன்றின் முற்றம், புதுச்சேரியில் காபிக் கடையாகிவிட்ட ஒரு வீடு, கூடத்து ஊஞ்சல், ஊஞ்சலுக்குப் பக்கத்தில் உருளித் தண்ணீரில் மிதக்கும் பூக்கள். "இந்த மாதிரி ஒரு லுக் வந்தா போதும் மேடம்." நான் தலையாட்டிக்கொண்டே ரேழியையும் கூடத்தையும் தாண்டிக் கொல்லைக் கதவு வரைக்கும் போய்விடுவேன். வீட்டுக்காரர் பேச்சை முடிக்காமலே பின்னால் வருவார். அங்கே காட்டுவதற்கு அவரிடம் ஒன்றும் இருக்காது. "இங்க ஒண்ணும் இல்ல, வெறும் அடுப்படிதான்" என்பார்.

தஞ்சை, நாகை, மயிலாடுதுறைப் பக்கத்துப் பழைய வீடுகள் தெருவில் ஒடுங்கி உள்ளே நீள்பவை. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், அப்புறம் இரண்டாம் கட்டு, அடுப்படி, கிணற்றடி, மாட்டுக்கொட்டில், கொல்லை. கதவுகள் ஒரே நேரில் இருப்பதால் தெருவில் நிற்பவருக்கே கொல்லை வெளிச்சம் தெரியும். ஆனால் இந்த வீடுகளைப் பற்றி வருகிற வழவழத்தாள் படப்புத்தகங்கள் கூடத்தோடு முடிந்துவிடுகின்றன. முன்பாதியில் ஆண்கள் உட்கார்ந்தார்கள், குத்தகைக் கணக்குப் பார்த்தார்கள், விருந்தாளி வந்தார். பின்பாதியில் வேலை நடந்தது. பணமும் கவனமும் அந்தப் பின்பாதியில்தான் முதலில் விழ வேண்டும் என்பது இந்தத் தொழிலில் நான் விடாப்பிடியாகப் பிடித்திருக்கும் ஒரே கொள்கை.

இதற்கு நியாயம் பேசுவதற்கு முன்னால் ஒரு லௌகீகக் காரணம் இருக்கிறது. ஆள் புழங்காத வீடு சீக்கிரம் போய்விடும். ஓடு ஒன்று நகர்ந்து சொட்டும் சொட்டை மறுநாள் காலையில் பார்க்க ஆள் இல்லாவிட்டால், அடுத்த மழைக்குள் கைமரம் ஊறி, அதற்கடுத்த வருடம் செல்லு ஏறிவிடும். வீட்டில் யாராவது தங்க வேண்டும். தங்குகிறவருக்கு இரவில் வழுக்காமல் கழிப்பறைக்குப் போக முடிய வேண்டும், காலையில் புகையில்லாமல் காபி போட முடிய வேண்டும். பொங்கலுக்கு வந்த மருமகள் இரண்டாம் நாளே ஓட்டலில் அறை எடுக்கச் சொல்கிறார் என்றால் அந்த வீட்டின் தேக்குத் தூணுக்கு ஆயுசு அதிகம் இல்லை.

வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன் குடும்பத்தில் ஒவ்வொருவரிடமும் ஒரு தாளைக் கொடுத்து வீட்டை ஞாபகத்திலிருந்து வரையச் சொல்வேன். அளவு வேண்டாம், கைபோன போக்கில் போதும். மயிலாடுதுறைக்குக் கிழக்கே ஒரு கிராமத்து வீட்டுக்கு அப்படி வந்த இரண்டு தாள்களை இன்னும் வைத்திருக்கிறேன். தம்பி பெங்களூரில் இருப்பவர். அவர் தாளில் திண்ணை பாதி இடத்தை எடுத்துக்கொண்டது. தூண்கள் சரியாக எண்ணப்பட்டிருந்தன. பத்தாயம், ஊஞ்சல், தாத்தாவின் சாய்வு நாற்காலி எல்லாம் உண்டு. அடுப்படி மூலையில் ஒரு சின்னச் சதுரம். அதற்குப் பின்னால் வெறும் 'கொல்லை' என்று எழுத்து மட்டும். அக்காள் தாளில் திண்ணை ஒரு கோடு. அடுப்படியில் அடுப்பு எங்கே, தவலை எங்கே, பாத்திரம் துலக்கும் அங்கணம் எங்கே, கண்ணாடி ஓட்டிலிருந்து வெயில் மத்தியானம் எந்த இடத்தில் விழும் என்பது வரைக்கும் போட்டிருந்தார். கிணற்றடியிலிருந்து அடுப்படிக்கு எத்தனை படி ஏற வேண்டும் என்று எழுதி, பக்கத்தில் 'மூணாவது படி உடைஞ்சது' என்று குறிப்பு. ஒரே வீட்டில் பிறந்த இருவர் என்று சொன்னால்தான் தெரியும்.

ஒரு தலைமுறைக்கு முன்னால் அந்த அக்காளிடம் யாரும் தாள் கொடுத்திருக்க மாட்டார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குரிய உரிமையைத் தமிழ்நாடு 1989இல் சட்டத் திருத்தமாகக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே மணமாகிப் போனவர்களை அது சேர்க்கவில்லை. 2005இல் வந்த மத்தியத் திருத்தம்தான் அந்த வேலியைப் பிடுங்கியது. சட்டப் புத்தகத்தில் இருப்பது கிராமத்து வீட்டுக் கூடத்துக்கு வந்துசேரக் காலம் பிடிக்கிறது. கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்த அக்காள் தங்கைகள்தான் இன்னமும் அதிகம். ஆனால் பங்கு கேட்டு வாங்கிய பெண் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் பேச்சு வேறு மாதிரி போவதைப் பார்த்திருக்கிறேன். டைல்ஸ் நிறத்தில் ஆரம்பிக்காமல், தண்ணீர் எங்கே வரும் என்பதில் ஆரம்பிக்கிறது.

அந்த வீட்டில் இவர்களுடைய அம்மா தனியாக இருக்கிறார். எண்பதை நெருங்குகிறவர், ஐந்தடிக்கு இரண்டு மூன்று அங்குலம் குறைவு. அடுப்படிச் சுவர்கள் புகையேறி எண்ணெய்க் கறுப்பு. விறகடுப்பு போய் கேஸ் வந்தபோது, யாரோ ஒரு கடப்பாக் கல்லைச் செங்கல் கால்மேல் வைத்து மேடையாக்கியிருக்கிறார்கள். அந்த மேடை அவர் மார்புக்குக் கொஞ்சம் கீழே நின்றது. அத்தனை வருடமும் ஒரு மணைப்பலகையைக் காலடியில் போட்டு ஏறி நின்றுதான் சமைத்திருக்கிறார். பலகையின் நடுவில் இரண்டு பாதத்துக்கும் குழி.

மாடுலர் கிச்சன் கடைகளில் மேடை உயரம் சுமார் 34 அங்குலம். அது நின்று சமைக்கிற யாரோ ஒருவரின் சராசரி. நான் செய்வது எளிய கணக்கு. முழங்கையை மடக்கி நிற்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் நான்கைந்து அங்குலம் கழித்தால் காய் நறுக்கும் மேடை. அடுப்பு வைக்கிற இடம் இன்னும் இறங்க வேண்டும். அடுப்பின் உயரமும் அதன்மேல் ஏறும் குக்கரின் உயரமும் சேர்ந்தால்தான் கை எட்டும் உயரம் எது என்று தெரியும். அம்மாவை நிற்கவைத்து, வெறும் காற்றில் தோசை திருப்பச் சொல்லி, கரண்டி போகிற உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்தேன். முதலில் வெட்கப்பட்டார். பிறகு குழம்பு கிளறிக் காட்டினார், கஞ்சி வடித்துக் காட்டினார், கடைசியில் சொன்னார்: "இந்த உசரத்துல வச்சா சரி. முன்ன வச்ச மாதிரி வச்சின்னா, நான் பரண்ல ஏறித்தான் சமைக்கணும்."

நின்று சமைப்பதே அவருக்குப் பாதி வேலைதான். காய் அரிவது, தேங்காய் துருவுவது, கீரை ஆய்வது எல்லாம் அரிவாள்மனையோடு தரையில். இப்போது முட்டி மடங்கவில்லை; தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். ஜன்னலோரமாக நாற்காலி உயரத்தில், இரண்டு பேர் உட்காருகிற நீளத்தில், சிவப்புத் தளம் போட்ட ஒரு திண்டு கட்டினோம். அதற்கு எதிரே தொடை உயரத்தில் ஒரு குட்டி மேடை. அரிவாள்மனையை அதில் வைத்துப் பிடித்துக்கொள்ள ஒரு தடுப்புக் கட்டை. வீட்டுக்கு முன்னால் இருக்கும் திண்ணையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. உட்காரலாம், இப்போது யாரும் தடுக்கமாட்டார்கள், உடம்பு பழகவில்லை. இந்தத் திண்டில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து உட்காருகிறார்கள், கீரை ஆய உதவுகிறார்கள், ஊர் வம்பு முழுவதும் இங்கே அரைபடுகிறது.

அந்த ஜன்னலைத் திறந்ததில்தான் பெரிய செலவு. ஒன்றரையடிச் சுவர், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். கூரையின் பாரத்தைத் தாங்கி நிற்கும் சுவர். அதில் ஓட்டை போடுவது ஹாலில் படம் மாட்ட ஆணியடிக்கிற வேலை கிடையாது. மேலே முட்டுக்கொடுத்து நிறுத்தி, ஒரு பாதிக்குத் திறந்து விட்டம் கொடுத்து, அது இறுகிய பிறகு மறுபாதி. மூன்றடி அகலத்துக்குமேல் போக நான் சம்மதிக்கவில்லை. தம்பி செலவுக் கணக்கைப் பார்த்து, "ஒரு ஜன்னலுக்கா?" என்று கேட்டார். தலைவாசல் கதவுக்குப் புது பாலிஷ் போட அவர் ஒதுக்கியிருந்த தொகை ஏறக்குறைய அதுதான்.

ஆட்டுக்கல்லும் அம்மியும் உரலும் என்ன ஆகின்றன என்று பார்த்தாலே போதும், எந்தப் பக்கத்திலிருந்து வீட்டைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கொல்லையில் கேட்பாரற்றுக் கிடந்த கல் புதுப்பித்த பிறகு வாசலுக்கு வந்து பூச்சட்டி ஆகிறது. அதில் மாவாட்டிய தோளின் வலி எங்கேயும் வருவதில்லை. பத்தாயத்தை மது வைக்கிற அலமாரியாக்கலாமா என்று வெளிநாட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஆக்கலாம், தேக்குப் பலகைக்கு நெல்லும் ஒன்றுதான், விஸ்கியும் ஒன்றுதான். பத்தாயத்தின் அடியில் நெல் இறக்குகிற சின்ன வாய்க்குப் பூட்டு எதற்காக இருந்தது, சாவி யார் இடுப்பில் இருந்தது என்று மட்டும் அவரிடம் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது. பாட்டி இடுப்பில் இல்லை.

கழிப்பறைக்கு வருகிறேன். பழைய வீடுகளில் அது கொல்லைக் கோடியில், சந்தை ஒட்டி இருக்கும். சந்துப் பக்கச் சுவரில் தரையோடு தரையாக ஒரு சின்னத் திறப்பு, சில வீடுகளில் தகரக் கதவோடு. எடுப்புக் கக்கூஸின் வாய் அது. வீட்டுக்குள் காலடி வைக்க அனுமதி இல்லாதவர்கள், வீட்டின் மலத்தை அள்ளிப் போக அமைத்த வழி. மனிதர் மனிதரின் மலத்தை அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், போதவில்லை என்று 2013இல் இன்னொரு சட்டம். கழிப்பறை எப்போதோ செப்டிக் டாங்குக்கு மாறிவிட்டாலும் அந்தத் திறப்பு மட்டும் நிறைய வீடுகளில் அப்படியே இருக்கிறது. திண்ணையும் அந்தத் திறப்பும் ஒரே கொத்தனாரின் ஒரே வரைபடத்தில் இருந்தவை. யார் எதுவரைக்கும் வரலாம் என்பதைச் செங்கல்லால் எழுதியதுதான் அந்த வரைபடம்.

"அதை அடைச்சிடுங்க, பார்க்க அசிங்கமா இருக்கு" என்றார் தம்பி. அடைத்தோம், அதற்குப் பயன் ஒன்றும் இல்லை, எலியும் பாம்பும் வரும். ஆனால் வேலை முடிகிற சமயத்தில் வீட்டின் பழைய அமைப்பை அழகாக வரைந்து தரச் சொன்னார், ரேழியில் சட்டம் போட்டு மாட்ட. வரைந்து கொடுத்தேன், அந்தத் திறப்பையும் சேர்த்து. படத்தின் அடியில், ஒவ்வொரு இடமும் எதற்காக இருந்தது என்று சின்ன எழுத்தில் எழுதியிருந்தேன். படத்தை மாட்டியிருக்கிறார்கள். எழுத்து இருந்த பகுதி மட்டும் சட்டத்துக்குள் போய்விட்டது.

கொல்லையில் இன்னொரு அறை, ஆறடிக்கு ஏழடி, ஜன்னல் இல்லை. வீட்டுக்கு விலக்கான நாட்களில் பெண்கள் இருந்த இடம். அதை யோகா அறையாக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அக்காள் சிரிக்காமல் சொன்னார்: "நீ போய் மூணு நாள் உட்கார்ந்து பாத்துட்டு வா, அப்புறம் யோகாவா என்னன்னு முடிவு பண்ணலாம்." இப்போது அங்கே காற்றுப்போக்கி வெட்டி, இன்வர்ட்டரையும் மோட்டார் ஸ்டார்ட்டரையும் வைத்திருக்கிறோம்.

புதிய குளியலறையைப் பழைய சுவருக்குள் நுழைக்கக் கூடாது என்பதில் நான் கறார். சுண்ணாம்புச் சுவரைக் கொத்திக் குழாய் பதித்தால், என்றாவது ஒருநாள் அந்தக் குழாய் கசியும். கசிவது தெரிவதற்குள் சுவர் குடித்து முடித்திருக்கும். இரண்டாம் கட்டின் பின்புறம், பழைய சுவரைத் தொடாமல் இடைவெளி விட்டுப் புதுச் செங்கல்லில் தனியாகக் கட்டி, குழாய்களையெல்லாம் வெளியே தெரிகிற மாதிரி ஓட்டினோம். தெரிகிற குழாயை எவரும் ரிப்பேர் செய்யலாம். கதவு வெளிப்பக்கம் திறக்கும்; உள்ளே விழுந்தவர் கதவில் சாய்ந்து கிடந்தால் உள்பக்கம் திறக்கிற கதவைத் திறக்க முடியாது. கைப்பிடிக் கம்பிகளைப் பார்த்து அம்மா, "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்று குறைப்பட்டார். அதனால் கம்பிக்குப் பதில் பழைய ஏணியின் தேக்குக் கைமரத்தை ஆசாரி இழைத்துப் பித்தளைப் பிடியில் மாட்டித் தந்தார். பிடிமானமும் உண்டு, குறையும் தீர்ந்தது.

நிலைப்படிகள் தீராத வழக்கு. பழைய வாசல்களில் படி நான்கைந்து அங்குலம் எழும்பி நிற்கும், மஞ்சளும் குங்குமமும் வைத்தது, மிதிக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்தது. வயதானவர்கள் தடுக்கி விழுவது அதில்தான். தலைவாசல் படியில் நான் கை வைப்பதில்லை. படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவே உள்ள படிகளை எடுத்துவிடச் சொல்வேன். "லட்சுமி எந்த வழியா வருவா?" என்று அம்மா கேட்டார். வாசல் வழியாகத்தான், அதை நாங்கள் தொடவில்லை என்றேன். ஒத்துக்கொண்டார்.

சுவருக்கு வருவோம். 1980களில் கொஞ்சம் கையில் பணம் வந்த குடும்பங்கள் செய்த முதல் காரியம் உதிர்கிற காரையைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசியது. அப்புறம் அதன்மேல் பெயிண்ட். சில வருடத்தில் கீழே ஈரம் ஏறி, உப்புப் பூத்து, பெயிண்ட் அப்பளமாகப் பொரிந்தது. அதை மறைக்க மூன்றடிக்கு டைல்ஸ் ஒட்டினார்கள். ஓதம் டைல்ஸுக்கு மேலே நாலாவது அடியில் போய்ப் பூத்தது. என்னோடு வேலை செய்கிற மூத்த கொத்தனார் அந்தக் கோட்டைக் கட்டை விரல் நகத்தால் சுரண்டி, மாவாக உதிர்வதைக் காட்டினார்: "தண்ணி எங்கயாச்சும் வெளிய போயே ஆவணும் மேடம். கீழ அடைச்சா மேல போவும்." முழு விஞ்ஞானமும் அவ்வளவுதான். அடித்தளத்தில் ஈரத்தடுப்பு இல்லாத சுவர் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதைக் காற்றில் விட்டுவிடும், சிமெண்ட் விடாது. நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு தங்கி, செங்கல்லின் தோலை உரிக்கும்.

வைத்தியமும் எளிது, பொறுமை மட்டும் விலை. சிமெண்டைக் கொத்தி எடுத்து ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிட வேண்டும். பிறகு நாள்கணக்கில் ஊறிய சுண்ணாம்பு, மணல், செங்கல் பொடி. கடுக்காயும் வெல்லமும் போட்டுப் புளிக்க வைத்த தண்ணீரில் குழைத்துப் பூச்சு. மேலே வெள்ளை. இதைச் செய்யத் தெரிந்த கைகள் குறைந்து வருகின்றன. தெரிந்தவர்களுக்கும் முதலில் ஓர் அவமானம் தீர வேண்டியிருக்கிறது: சுண்ணாம்பு என்பது ஏழை வீட்டுப் பூச்சு என்று இவ்வளவு காலம் அவர்களிடம் சொல்லியே வேலை வாங்கியிருக்கிறார்கள். வீட்டுக்காரர்களுக்கோ ஆவணியில் கல்யாணம் இருக்கும். மயிலாடுதுறை வீட்டில் பின்கட்டுச் சுவர்களுக்கு மட்டும் கோடை கிடைத்தது. கூடத்துச் சுவர் இன்னும் சிமெண்டில்தான் இருக்கிறது, இன்னும் பொரிகிறது.

ஓதத்துக்கு வீட்டுக்குள் மட்டும் காரணம் தேடினால் போதாது. தெருவில் தார் மேல் தாராகப் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே வர, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடுகள் இப்போது ஒரு படி இறங்கிப் போகும் வீடுகளாகிவிட்டன. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவுறுத்தியது. அதற்குள் ஏறிய உயரம் ஏறியதுதான். புதுச் சிமெண்ட் வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். சுண்ணாம்புச் சுவரை நம்பி அந்த வேலைக்கு நான் போகமாட்டேன். சுற்றிலும் ஜல்லி நிரப்பிய வடிகால் தோண்டி, கொல்லைப் பக்கமாக நீரைத் திருப்புவதோடு நிறுத்திக்கொள்வேன்.

கூரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, செலவு மட்டும் அதிகம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறிய இரவில் ஓடுகள் பறந்த வீடுகள் பலவற்றில் அதன்பிறகு தகரம்தான் ஏறியது. நாட்டு ஓடு கிடைப்பது அரிது. சீமை ஓடு, அதாவது 1865இல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் தொடங்கிய ஆலையின் வழி வந்த ஓடு, இடித்த வீடுகளிலிருந்து கிடைக்கும். முன்கட்டில் மெட்ராஸ் டெரஸ் இருந்தால் உத்திரங்கள் சுவருக்குள் புதைந்திருக்கும் முனையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெளியே வைரம் பாய்ந்த தேக்காகத் தெரிவது சுவருக்குள் ஈரத்தில் மக்கியிருக்கும். ஆசாரி உளிப்பிடியால் தட்டிக்கொண்டே போவார். கணீர் என்று கேட்டால் அடுத்தது. பொத்தென்று கேட்ட இடத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. ஒழுகுகிற டெரஸ் மேல் கான்கிரீட் கொட்டுவதுபோல ஒரு கெடுதல் இல்லை. ஒழுகல் நிற்காது, பாரம் மட்டும் ஏறும்.

முற்றத்தை மூடிவிடலாமா என்று கேட்காத குடும்பம் இல்லை. அழகு தெரியாமல் கேட்கிறார்கள் என்று நினைப்பது அநியாயம். குரங்கு வருகிறது, திருடன் வரக்கூடும், மழையில் தாழ்வாரம் முழுக்க வழுக்குகிறது, அதைத் துடைப்பவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். திறந்த முற்றத்தின் மகிமையைப் பேசுகிறவர்கள் அதைத் துடைத்தவர்கள் இல்லை. அதே சமயம் பாலிகார்பனேட் ஷீட்டைப் போட்டு இறுக்கினால், சூடான காற்று மேலே போக வழியில்லாமல் கூடத்திலேயே நிற்கும். சித்திரையில் அந்த வீட்டில் உட்கார முடியாது. நான் செய்வது, ஓட்டுக் கூரைக்கு மேலே இரண்டடி உயர்த்தி ஒரு கண்ணாடிப் பந்தல், அதன் நாலு பக்கமும் கம்பி வலை. காற்று போகும், குரங்கு வராது, சாரல் கொஞ்சம் வரும். பந்தலின் நீர் தாழ்வாரத்துக் குழாய் வழியாகக் கிணற்றுக்கு. மழைநீர் சேகரிப்பை 2003இல் அரசு கட்டாயமாக்குவதற்கு முன்பே செட்டிநாட்டு வீடுகள் முற்றத்து நீரை அண்டாக்களில் பிடித்துக்கொண்டிருந்தன என்பதை இந்தப் பந்தலை விற்பதற்காக அடிக்கடி சொல்கிறேன்.

செட்டிநாடு என்றதும் காரைக்குடிக் கடைவீதி ஞாபகம் வருகிறது. பர்மாவை 1942இல் ஜப்பானியப் படை பிடித்தது. நகரத்தார் வீடுகள் பலவற்றுக்கு அங்கிருந்து வந்த வருமானத்தின் வேர் அறுந்தது. பங்காளிகள் பெருகி, பராமரிக்க முடியாமல் பிரித்த வீடுகளின் தூணும் நிலையும் கண்ணாடியும் அங்கே கடைகடையாக நிற்கின்றன. தஞ்சாவூர் வீட்டுக்கு அங்கிருந்து தூண் வாங்கி வந்து நட்டால், ஒரு பழைய வீட்டின் உடம்பிலிருந்து எடுத்ததை இன்னொன்றுக்கு நகையாகப் போடுகிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவும் வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து கட்டியதுதான். ஆனால் அது மியூசியம் என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறது, அங்கே யாரும் இரவு தங்கிச் சோறு பொங்க வேண்டியதில்லை. மியூசியத்துக்கு முன்பாதி போதும்.

ஆத்தங்குடிக் கல் மீது எனக்கு மதிப்பு உண்டு. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சாந்தைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, சூளையே இல்லாமல் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடும். அது அந்த ஊர் மணலின் பொருள். இந்தப் பக்கத்து வீடுகளுக்கு அவற்றுக்கே உரிய காவித் தரை இருக்கிறது. அம்மா வீட்டில் அடுப்படியிலிருந்து கிணற்றடி வரைக்கும் தரையில் ஒரு பாதை மட்டும் தேய்ந்து, கறுத்து மின்னுகிறது. உடைந்த இடங்களில் புதிதாக ரெட் ஆக்சைடு போட்டால் நிறம் ஒருபோதும் ஒட்டாது. ஒட்டுகிற மாதிரி பாசாங்கு செய்யாமல் உடைந்த பகுதியை நேர்க்கோட்டில் சதுரமாக வெட்டி, சற்று அடர்ந்த நிறத்தில் போட்டோம். தேங்காய் எண்ணெய் தேய்ப்பது அம்மாவின் பொறுப்பு. வேலைக்காரப் பெண்ணின் பொறுப்பு என்று திருத்திச் சொல்ல வேண்டும்.

அந்த வரியை எழுதியதும் கொஞ்சம் நிறுத்த வேண்டியிருக்கிறது. அடுப்படியை நான் யாருக்காக அளந்தேன்? அம்மாவின் முழங்கைக்கு. காலையும் மாலையும் வந்து பாத்திரம் துலக்குகிற பெண் அம்மாவைவிட ஒரு சாண் உயரம். தொட்டி அவளுக்குத் தாழ்வு, குனிந்துதான் துலக்குகிறாள். அவளிடம் யாரும் தாள் கொடுக்கவில்லை, அளவு எடுக்கவில்லை. கேட்டதற்கு, "எனக்கு என்னக்கா, எப்புடி இருந்தாலும் சரி" என்றாள். அங்கணத்தில் இருந்த தொட்டியை மட்டும் நாலு செங்கல் உயர்த்தி வைத்தோம். தரையில் உட்கார்ந்து துலக்குவதற்குப் பழைய அங்கணமும் இருக்கிறது. இரண்டில் எதை அவள் பயன்படுத்துகிறாள் என்பதை அவள் இடுப்புதான் தீர்மானிக்கிறது.

பின்பாதி முடிந்தபோது பட்ஜெட்டும் ஏறக்குறைய முடிந்தது. எப்போதும் அப்படித்தான் முடியும், நான் அப்படித்தான் வரிசைப்படுத்துவேன். முன்பக்கத்தில் செய்தது கொஞ்சம்: பழைய கட்டை வயரிங்கை எடுத்துப் புது வயர் ஓட்டியது, ஸ்கூட்டர் நிறுத்த யாரோ திண்ணைக்குப் போட்டிருந்த இரும்புக் கிராதியைக் கழற்றியது. தம்பி வந்து தெருவில் நின்று பார்த்தார். "வெளியிலேர்ந்து பார்த்தா ஒண்ணுமே செஞ்ச மாதிரி தெரியலையே மேடம்" என்றார். தலைவாசல் கதவில் நான்கு தலைமுறை எனாமல் பெயிண்ட் ஏறியிருக்கிறது, கஜலட்சுமியின் மூக்கே தெரியவில்லை; அதைச் சுரண்டி எண்ணெய் கொடுத்தால் அவர் கேட்ட அழகு வந்துவிடும் என்று சொன்னேன். அடுத்த வருடம் அதற்குப் பணம் ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் அக்காள் போன் செய்துவிட்டார். அடுப்படித் திண்டுக்குப் பக்கத்தில் கிரைண்டருக்கு ஒரு பிளக் பாயிண்ட் வேண்டுமாம், பதினைந்து ஆம்பியர், அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கை எட்டுகிற உயரத்தில்.